புள்ளி ஆறு அனுமதி

மனித குலத்தின் எல்லாத் துன்பங்களுக்கும் வேர் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்ற இரண்டே சொற்கள்தான் என்பதும், அந்த இரண்டையும் ஒழித்துக்கட்டிய முதல் நகரம் என்ற பெருமை குரோனாமிக்கே சேரும் என்பதும் ஓர் ஏப்ரல் மாதக் காலையில், நகராட்சி மண்டபத்தில், ஒலிபெருக்கி வழியாக உறுதிசெய்யப்பட்டன.

உறுதிசெய்தவர் தொகுனாகா. அன்றைக்குத்தான் பிறந்த மங்கல் முடிவுத் துறையின் இயக்குநர். பல்கலைக்கழகத்திலிருந்து நேராக நாற்காலிக்கு வந்தவர்.

“உயரமானவங்கன்னு ஒரு கூட்டம் இருக்கு. நான் அதுல இருக்கேனா?” என்று சபையைக் கேட்டார். கேட்டபோது பேச்சு மேசைக்கு மேலே அவருடைய தலையும் டையின் முடிச்சும் மட்டும் தெரிந்தன. சபை மரியாதையாக மௌனம் காத்தது.

“பழைய கணக்கு என்ன சொல்லும்? இல்லைன்னு சொல்லும். முகத்துல அடிச்ச மாதிரி சொல்லும். மங்கல் கணக்கு அப்படிச் சொல்லாது. தொகுனாகா, நீ அந்தக் கூட்டத்துல புள்ளி மூணு அளவுக்கு இருக்கேன்னு சொல்லும். எவ்வளவு பண்பாடு பாருங்க. வெந்நீரையே எடுத்துக்கோங்க. எந்த நிமிஷத்துல அது வெந்நீர் ஆகுது? அங்க கோடு போட முடியுமா? போட முடியாத இடத்துல கோடு போட்டுட்டு, ‘ஆமா, சுடுது’, ‘இல்ல, சுடலை’ன்னு வாயைத் திறக்கறவன் குகையில இருந்தவன். நாம வெளியே வந்துட்டோம்.”

வெந்நீர் என்ற சொல் காதில் விழுந்ததும் பதினோராவது வரிசையில் மொகாமி விழித்துக்கொண்டார். ‘கமே-நோ-யு’ என்ற பொதுக் குளியல்கூடத்தின் முதலாளி அவர். முதலாளி, உலை மூட்டுபவர், தரை தேய்ப்பவர் எல்லாம் அவரே. குளியல்கூடச் சங்கத்திலிருந்து ஆள் அனுப்பியே ஆகவேண்டும் என்று உத்தரவு வந்ததால் வந்திருந்தார். பேச்சு முடிந்தபின் பயற்றம் பூரணம் வைத்த பன் தருவார்கள் என்பதாலும் வந்திருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார். தன்னால் முடிந்த அளவுக்கு.

அது அப்படிப்பட்ட காலம். மங்கலுக்கு ‘ஃபஜீ’ என்று பெயர் வைத்து, அந்தப் பெயர் ஒட்டாத சாமானை நாட்டில் யாரும் வாங்குவதில்லை என்று ஆகியிருந்தது. அழுக்கைப் பார்த்து, எவ்வளவு நேரம் சுற்றலாம் என்று தானே முடிவு செய்யும் சலவை இயந்திரம் வந்தது. பிடிக்கிறவன் கை நடுங்கினாலும் படம் நடுங்காத கேமரா வந்தது. தெற்கே ஒரு நகரத்தில் சுரங்க ரயில் நிற்பது, நின்றுகொண்டு போகிறவர்களுக்கே தெரிவதில்லையாம். இவை எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. அதுதான் குரோனாமி நகராட்சியை உறுத்தியது.

அதற்கு முன்பு நகராட்சி தெளிவாகப் பேசிவந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ‘ஆக்கபூர்வமாகப் பரிசீலிக்கிறோம்’ என்று அவர்கள் சொன்னால் மாட்டோம் என்று பொருள். ‘கொஞ்சம் கஷ்டந்தான்’ என்றால் இந்த ஜென்மத்தில் இல்லை என்று பொருள். மக்கள் அதைப் புரிந்துகொண்டு, எழுந்து, குனிந்து வணங்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். தொகுனாகா செய்த புரட்சி, அந்தப் பேச்சுக்கெல்லாம் எண் போட்டதுதான். எண் வந்தபிறகு மக்களுக்குப் புரிவது நின்றுபோயிற்று.

நவம்பரில் ஒரு சின்ன நிலநடுக்கம் வந்தது. அலமாரியிலிருந்து ஒரு கோப்பை விழுந்தால் விழட்டும் என்று சாப்பாட்டைத் தொடர்கிற அளவு நடுக்கம். ஆனால் கமே-நோ-யுவின் உயரமான புகைபோக்கியில் மெலிதாக ஒரு விரிசல் விழுந்திருந்தது. மேஸ்திரி ஏறித் தட்டிப் பார்த்து, மேல்பூச்சுதான் விட்டிருக்கிறது, உள்ளே கல்போல இருக்கிறது என்று சொல்லி, பூசியும் கொடுத்துவிட்டார். இனி நகராட்சி ஒரு வார்த்தை சொன்னால் உலை மூட்டலாம். முன்பெல்லாம் கட்டடப் பிரிவிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்து, அண்ணாந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போவார். அந்தப் பிரிவை இப்போது புதிய துறைக்குள் கரைத்துவிட்டிருந்தார்கள்.

மொகாமி கவுண்டருக்குப் போனார். அங்கே செரிசாவா என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். துறையிலேயே கடைசியாகச் சேர்ந்தவள்.

“விரிசல் எவ்வளவு பெருசுங்க?”

“பெருசெல்லாம் இல்லம்மா. தலைமுடி கனம்.”

“யாரோட தலைமுடி?”

மொகாமி தன் தலையைத் தடவிப் பார்த்தார். காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. செரிசாவாவும் எட்டிப் பார்த்து, வழுக்கை புள்ளி ஒன்பது என்று ஓர் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

“அதை எதுக்கும்மா எழுதறே?”

“மனுதாரரைப் பத்தி எது தெரிஞ்சாலும் எழுதிடணும்னு டைரக்டர் சொல்லியிருக்கார். சரி, உங்க விஷயம் அவசரமா?”

“அவசரந்தான்.”

புள்ளி ஐந்து என்று எழுதினாள்.

“ரொம்ப அவசரம்மா.”

செரிசாவா வருத்தத்தோடு அதை அடித்துவிட்டு, புள்ளி இரண்டு ஐந்து என்று எழுதினாள்.

“குறைச்சிட்டியே?”

“‘ரொம்ப’ன்னு சொன்னா எண்ணை அதே எண்ணால பெருக்கணுங்க. புள்ளி அஞ்சை புள்ளி அஞ்சால பெருக்கினா குறைஞ்சுதானே போகும்?”

“என்னம்மா இது, நிஜமாவே ரொம்ப ரொம்ப அவசரம். டிசம்பர்ல யூசு குளியல் வருது. அன்னிக்கு ஊரே வரும். அதுக்குள்ள—”

“ஐயோ, பேசாதீங்க” என்றாள் செரிசாவா தாழ்ந்த குரலில். “ஒவ்வொரு ‘ரொம்ப’வுக்கும் கீழ போகுது. இப்பவே பூஜ்ஜியத்துக்குப் பக்கத்துல வந்துட்டீங்க.”

மொகாமி வாயை மூடிக்கொண்டார். வாயை மூடிக்கொண்டு அவசரப்படுவது அவருக்குப் புதிய பழக்கம். ஆனால் அவசரம் உண்மையானது. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் அன்று, மணக்கும் யூசுப் பழங்களை வெந்நீரில் மிதக்கவிட்டுக் குளித்தால் அந்தக் குளிர் முழுக்கச் சளி பிடிக்காது. அன்றைக்கு எந்தக் குளியல்கூடத்தில் கால் வைக்கிறார்களோ அங்கேதான் வருஷம் முழுக்க வருவார்கள். ஆற்றுக்கு அக்கரையில் குமிழி விடும் தொட்டியோடு ஒரு சுகாதார மையம் திறந்து, யூசு அன்று எல்லோரும் வாருங்கள் என்று கொடி கட்டியிருந்தார்கள். அன்றைக்கு கமே-நோ-யு மூடியிருந்தால் அப்புறம் திறந்தும் பிரயோசனமில்லை.

கொஞ்ச நாளில் பதில் வந்தது. உறையைக் கிழித்தது அவர் மனைவி தாத்சுகோ. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் இரண்டும் தெரிகிற உயர்ந்த மேடையில் உட்கார்ந்து காசு வாங்குகிறவள். முப்பது வருஷமாக மேலேயிருந்து ஊரைப் பார்த்துவந்ததால் அவளுக்கு எதைக் கண்டும் மிரட்சி கிடையாது.

“அனுமதி: புள்ளி ஆறு” என்று படித்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. “என்னங்க இது? மூட்டணுமா, கூடாதா?”

“கொடுத்திருக்காங்கன்னுதான் தோணுது.”

“முழுசா கொடுக்கலையே?”

“பாதிக்கு மேல கொடுத்திருக்காங்க.”

அரசாங்கத்தோடு மோதுகிற வழக்கம் மொகாமி குடும்பத்தில் இல்லை. யோசித்து, உலையில் பத்துக் கட்டை போடுகிற இடத்தில் ஆறு போட்டார். தண்ணீர் கோபித்துக்கொள்ளாமலும் சிரிக்காமலும் ஒருமாதிரி நின்றது.

முதலில் இறங்கியவர் குவாபரா. ஓய்வு பெற்ற மீன் வியாபாரி. கொதிக்கக் கொதிக்க இல்லாவிட்டால் அவருக்குக் குளித்ததாகவே ஆகாது.

“மொகாமி-சான்” என்று தொட்டியிலிருந்து கூப்பிட்டார். “இது மனுஷன் குளிக்கறதுக்கா, கெண்டை வளக்கறதுக்கா?”

“புள்ளி ஆறுங்க.”

“நான் கேட்டதுக்கு அது பதிலா?”

“நகராட்சி சொன்ன பதில்.”

“அவங்களை இங்க வந்து உக்காரச் சொல்லு. நான் வேணும்னா இடம் விடறேன்.”

ஆனால் அவரால் இடம்விட முடியவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரின் குணமே அது. உள்ளே இருந்தால் சூடு போதாது, எழுந்தால் வெளிக் குளிர் முதுகில் அறையும். அதனால் இறங்கிய எவரும் எழவில்லை. இன்னும் கொஞ்சம் இருந்தால் உடம்பு சூடேறும் என்று எல்லோரும் கழுத்துவரை மூழ்கிக் காத்திருந்தார்கள். அடுத்து வந்தவர்கள் கையில் வாளியோடு ஓரமாகப் பல் கிடுகிடுக்க நின்றார்கள். தொட்டியில் இருந்தவர்கள் அரசியல் பேசி முடித்து, மருமகள்களைப் பேசி முடித்து, பேச ஒன்றுமில்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல்கள் உலர்ந்த பிளம் பழம்போலச் சுருங்கின. கடைசியில் தாத்சுகோ மேடையிலிருந்து இறங்கிவந்து, கதவைச் சாத்தப் போகிறேன் என்று அதட்டித்தான் கிளப்பினாள்.

“நாளைக்கு அக்கரைக்குத்தான்” என்று குவாபரா துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார். “கோவிச்சுக்காதே. இந்த வயசுல புள்ளி ஆறுல குளிச்சா புள்ளி நாலு பொணமாயிடுவேன்.”

மறுநாள் மொகாமி திரும்பவும் நகராட்சிக்குப் போனார். இந்தமுறை தொகுனாகாவே அவரை உள்ளே அழைத்தார். வெதுவெதுப்பான தண்ணீரின் கதையைக் கேட்டதும் இயக்குநரின் முகம் மலர்ந்துவிட்டது.

“அருமையான தப்பு பண்ணியிருக்கீங்க. புள்ளி ஆறுன்னா ஆறு கட்டைன்னு நினைச்சீங்களா?”

“அப்போ பத்து நாள்ல ஆறு நாள் மூட்டலாமா சார்?”

“அதுவும் இல்ல. நீங்க சொல்றது நிகழ்தகவு. நாளைக்கு மழை வருமா வராதான்னா, நாளைக்குத் தெரிஞ்சிடும். இது தெரியவே தெரியாது. நீங்க மூட்டலாங்கறது புள்ளி ஆறு அளவுக்கு உண்மை. கூடாதுங்கறது புள்ளி நாலு அளவுக்கு உண்மை. ரெண்டும் ஒரே நேரத்துல, எந்தச் சண்டையும் இல்லாம, ஒண்ணா இருக்கு. புரியுதா?”

“மூட்டினா தப்பா சார்?”

“புள்ளி நாலு தப்பு.”

“மூட்டாம இருந்தா?”

“அதுல புள்ளி ஆறு தப்பு. கணக்கு எவ்வளவு அழகா வருது பாருங்க.” தொகுனாகா எழுந்து ஜன்னலருகே போனார். “மொகாமி-சான், இந்தத் துறை வந்தப்புறம் ஒரு முடிவுகூடத் தப்பாப் போகலை. பழைய நாள்ல ஒரு அதிகாரி ஆமான்னு சொல்லி, பாலம் விழுந்தா அவனைப் பேப்பர்ல போட்டு, குடும்பத்தோட ஊரை விட்டே ஓட வெப்பாங்க. இப்போ பாலம் விழுந்தா? நாங்க புள்ளி மூணு எச்சரிச்சிருக்கோம். விழலையா? புள்ளி ஏழு ஊக்கம் கொடுத்திருக்கோம். என்ன நடந்தாலும் நாங்க கொஞ்சம் சரி. இதைவிட ஒரு குடிமகனுக்கு என்ன வேணும்?”

வெந்நீர் வேண்டும் என்று மொகாமிக்குத் தோன்றியது. கேட்டது வேறு.

“இந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து சார் வந்தது?”

அதைக் கேட்கத்தான் தொகுனாகா காத்திருந்தார். செரிசாவாவைக் கூப்பிட்டு, மொகாமியின் மனுவைக் கொண்டுவரச் சொன்னார். அடியில், கையெழுத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு முத்திரை குத்துவதற்கு, வரிசையாகக் கட்டங்கள். இடது ஓரக் கட்டத்தில் தொகுனாகாவின் சிவப்பு முத்திரை கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. அடுத்த கட்டத்தில் உதவி இயக்குநரின் முத்திரை இடப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தது. அதற்கடுத்தது இன்னும் சாய்ந்திருந்தது. இப்படியே போய், வலது கோடியில் செரிசாவாவின் முத்திரை கிட்டத்தட்டப் படுத்தே விட்டது. செரிசாவா பள்ளிக்கூடக் கோணமானி ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்துக் காட்டினாள்.

“நேரா நின்னா ஒண்ணு. தலைகீழா நின்னா பூஜ்ஜியம்” என்றார் தொகுனாகா. “நடுவுல எவ்வளவு சாயுதோ அவ்வளவு தயக்கம். மனசுல இருக்கற தயக்கம் கைக்கு வருது, கையிலேர்ந்து முத்திரைக்கு வருது. வாயைத் திறந்து யாரும் சொல்ல மாட்டாங்க. முத்திரை சொல்லிடுது. அதை முதல்ல அளந்தவன் நான்தான்.”

மொகாமி முத்திரைகளைப் பார்த்தார். தொகுனாகாவைப் பார்த்தார். மறுபடி முத்திரைகளைப் பார்த்தார். குளியல்கூடச் சங்கத்தின் காகிதங்களில் அவரும்தான் முத்திரை குத்துகிறார். தன்னுடையதைச் சங்கத் தலைவருடைய முத்திரையின் பக்கமாகச் சாய்த்தே குத்துவார். அது தயக்கமில்லை, வணக்கம். பெரியவர் முத்திரைக்கு முன்னால் நம் முத்திரை குனிந்து நிற்க வேண்டும் என்பது இந்த நாட்டில் பேனா பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இயக்குநர் தொலைபேசிக்குத் திரும்பியபோது மொகாமி செரிசாவாவிடம் குனிந்தார்.

“ஏம்மா, இது மரியாதைதானே?”

“உஷ்.”

“அவருக்குத் தெரியாதா?”

“அவருது முதல் கட்டம். அவருக்கு முன்னாடி யாருமில்ல. நேரா நிக்கறவருக்கு மத்தவங்க ஏன் சாயறாங்கன்னு எப்படித் தெரியும்?”

“யாராவது எடுத்துச் சொல்லலாமே?”

“யாரு? உங்களுக்கு நாங்க வணக்கம் வெச்சோம், நீங்க கவனிக்கலைன்னு அவர்கிட்ட போய்ச் சொல்றதா?” செரிசாவா அதிர்ந்துபோனாள்.

“சரி, எல்லாரோட எண்ணையும் சேர்த்துச் சராசரி போட்டா புள்ளி எட்டாவது வருமேம்மா.”

“சராசரி கிடையாதுங்க. இருக்கறதுலயே சின்ன எண் எதுவோ அதுதான் முடிவு. எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கறதுன்னா, ரொம்பக் குறைச்சலா ஒத்துக்கறவர் எவ்வளவோ அவ்வளவுதான் ஒத்துக்கறாங்கன்னு அர்த்தமாம். கணக்குல அது சரிதான்.”

“அந்தச் சின்ன எண் யாரு?”

செரிசாவாவின் காதுமடல் சிவந்தது. “நான்தான். கடைசியில சேர்ந்தவ. எனக்கு முன்னாடி எத்தனை பேர் இருக்காங்க பாருங்க. எல்லாருக்கும் சேத்துக் குனியணும்.”

“நீ கொஞ்சம் மரியாதை கெட்டவளா இருந்தா என் உலை எரியுமா?”

“அப்படித்தான் ஆகுதுங்க.”

“ஒரே ஒரு தடவை நேரா குத்தேன்.”

“டைரக்டர் எதிர்ல கால்மேல கால் போட்டு உக்காரச் சொல்றீங்களா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே தலையைக் குனிந்துகொண்டாள். “மன்னிச்சிடுங்க மொகாமி-சான். முயற்சி பண்ணிப் பாத்தேன். கை வரலை.”

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பிய தொகுனாகா, மொகாமியின் முகத்தைப் பார்த்து மனம் இளகினார். உங்கள் மனுவைத் துணை மேயர்வரைக்கும் அனுப்புகிறேன், பெரிய இடம் பார்த்தால் எண் ஏறும் என்றார். மொகாமி வேண்டாம் என்று சொல்வதற்குள் மனு கிளம்பிவிட்டது.

பெரிய இடம் பார்த்தது. இடது ஓரத்தில் இப்போது துணை மேயரின் முத்திரை நிமிர்ந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் தொகுனாகாவின் முத்திரை, முதல்முறையாக, லேசாகச் சாய்ந்திருந்தது. அவர் கை அதைத் தானாகவே செய்திருந்தது. உதவி இயக்குநர் இருவருக்குமாகக் குனிந்தார். அவருக்கு அடுத்தவர் மூவருக்குமாக. செரிசாவாவின் முத்திரை நெற்றியால் தரையைத் தொட்டது. அனுமதி புள்ளி நான்காக இறங்கிற்று.

தாத்சுகோ இந்தமுறை உறையைக் கிழிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். கொஞ்ச நேரம் பாத்திரங்களின் சத்தம் கேட்டது. பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு நகராட்சிக்கே கிளம்பிவிட்டாள். மொகாமி பின்னாலேயே ஓடினார்.

“டைரக்டர் சார்” என்று அறைக்குள் நின்றபடியே ஆரம்பித்தாள். “எங்க வீட்டுல ஒரு ரைஸ் குக்கர் இருக்கு. அதுவும் உங்க ஃபஜீதான். அரிசி எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு என்னென்னமோ யோசிக்குது. யோசிக்கட்டும். கடைசியில டிங்குனு சத்தம் போட்டு, திறந்தா சோறு இருக்கு. ஒருநாளாவது அது, ‘தாத்சுகோ-சான், இது புள்ளி நாலு சோறு, வெச்சுக்கோ’ன்னு அரிசியைத் திருப்பிக் கொடுத்ததில்ல.”

மொகாமி அவள் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார்.

“நல்ல கேள்வி” என்றார் தொகுனாகா. அவர் உண்மையாகவே யோசித்தார். “கணக்குல கடைசியா ஒரு படி இருக்கு அம்மா. மங்கலா வந்ததையெல்லாம் திரட்டி, தெளிவா ஒரே முடிவா மாத்தற படி. இயந்திரத்துல அதை வெச்சிருக்காங்க. எங்க துறையில எடுத்துட்டோம்.”

“ஏன் எடுத்தீங்க?”

“குக்கர் சோத்தைக் குழைச்சிட்டா யாரும் அதைக் கூப்பிட்டு விளக்கம் கேக்கப்போறதில்ல. அதுக்குப் பதவி உயர்வும் கிடையாது. எனக்கு அப்படியா?”

அறையிலிருந்த எல்லோரும் கோப்புகளைப் பார்த்தார்கள். தொகுனாகா தன் மனக்குறையை வேறு திசையில் கொண்டுபோனார்.

“என்னை வேற விஷயம் உறுத்துது. இந்த மனுவுல என் முத்திரையே சாஞ்சிருக்கு. அளந்து பாத்தா புள்ளி ஒன்பது. எனக்கே தெரியாம எனக்குள்ள ஒரு தயக்கம் இருந்திருக்கு. கோணமானி பொய் சொல்லாது. அந்தப் புகைபோக்கியில ஏதோ இருக்கு. நான் நேர்ல வந்து பாக்கணும்.”

யூசு குளியலுக்கு முந்தின நாள் பிற்பகலில் துறை முழுவதும் கமே-நோ-யுவுக்கு வந்து சேர்ந்தது. கடலிலிருந்து காற்று வீசியது. மழையா பனியா என்று தீர்மானிக்காத ஒன்று வானத்திலிருந்து விழுந்தது. அதைப் பற்றித் தொகுனாகா ஒரு சிற்றுரை நிகழ்த்தினார். இது புள்ளி ஐந்து மழை, புள்ளி ஐந்து பனி, இயற்கையே நம் பக்கம் என்றார். யாரிடமும் குடை இல்லை. குடை எடுப்பதா வேண்டாமா என்ற முடிவு காலையில் புள்ளி ஐந்தில் நின்றுவிட்டிருந்தது.

புகைபோக்கியின் அடியில் எல்லோரும் வரிசையாக நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இயக்குநர் தன் தயக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அது அகப்படவில்லை. மற்றவர்கள் அவர் தேடி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். ஈரம் கோட்டைத் தாண்டி, சட்டையைத் தாண்டி உள்ளே போயிற்று. உதவி இயக்குநரின் பற்கள் தாளம் போட்டன. செரிசாவா கோணமானியைக் கையில் பிடித்தபடி அடுத்தடுத்துத் தும்மினாள்.

“உள்ள வந்து உக்காருங்களேன்” என்றாள் தாத்சுகோ கதவைத் திறந்து. “ஆனா உள்ளேயும் குளிர்தான். அனுமதி புள்ளி நாலுதானே.”

தொகுனாகா உதட்டை நக்கிக்கொண்டார். அது நீலம் பாரித்திருந்தது.

“மொகாமி-சான். புகைபோக்கியோட நடத்தையைப் பாக்கணும்னா, புகை போனாத்தானே பாக்க முடியும்?”

“அதுக்கு உலை மூட்டணுமே சார்.”

“சோதனைக்காக மூட்டலாம். சோதனை முடிவு ஆகாது. அதுக்கு எண் தேவையில்ல.”

“எத்தனை கட்டை போடட்டும் சார்?”

“போடுங்க மொகாமி-சான்” என்றார் இயக்குநர், குரல் நடுங்க. “இருக்கறதைப் போடுங்க.”

மொகாமி போட்டார். ஒரு மாதமாக அவர் கைகள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துப் போட்டார். உலை உறுமியது. புகைபோக்கி நேராக, கறுப்பாக, ஊரெல்லாம் தெரிய மூச்சுவிட்டது. அதைப் பார்த்துவிட்டு குவாபரா அக்கரைக்குப் போகிற வழியில் திரும்பி, கையில் துண்டோடு வந்து சேர்ந்தார். தொட்டியின் விளிம்பு தெரியாத அளவுக்கு ஆவி எழுந்தபோது, நீரின் நடத்தையையும் பார்த்துவிடுவது முறை என்று தொகுனாகா சொன்னார். துறை முழுவதும் அதை ஒத்துக்கொண்டது. கோட்டு, டை, முத்திரைப் பை எல்லாம் பிரம்புக் கூடைகளுக்குப் போயின. ஆண்கள் ஆண்கள் பக்கம் இறங்கினார்கள். செரிசாவா தனியாகப் பெண்கள் பக்கம் போனாள்.

தொட்டியில் ஒரு சங்கடம் ஏற்பட்டது. இயக்குநர் இறங்கியதும் உதவி இயக்குநர் வழக்கம்போலக் குனிந்தார். தண்ணீர் தாடைவரை இருந்தது. குனிந்தவர் மூக்கு வழியாக வெந்நீரைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டே நிமிர்ந்தார். அவருக்கு அடுத்தவர் அதைப் பார்த்தும் குனிந்தார், அவரும் குடித்தார். அதன்பிறகு யாரும் குனியவில்லை. குனிய இடமில்லை. வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் முதன்முறையாக அந்தத் துறை முழுவதும் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தது.

“எப்படி?” என்றார் குவாபரா, ஆவிக்குள்ளிருந்து, குறிப்பாக யாரையும் பார்க்காமல்.

இயக்குநர் முதலில் சொல்லட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. சொந்தக் குளியலறை உள்ள அடுக்குமாடியில் வளர்ந்த பெண் செரிசாவா. பொதுக் குளியல்கூடத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. நடுச்சுவர் கூரைவரை போவதில்லை என்பதும், ஒரு பக்கம் முணுமுணுத்தால் மறுபக்கம் கணீரென்று கேட்கும் என்பதும் அவளுக்குத் தெரியாது.

“அப்பாடா” என்றாள் அவள். “தாத்சுகோ-சான், நல்லாச் சுடுது. புகைபோக்கியும் தூண் மாதிரி நிக்குது. இதைப் போய் எதுக்கு மூடி வெச்சிருக்கோம்? பைத்தியக்காரத்தனம்.”

“சத்தமாச் சொல்லும்மா” என்றாள் தாத்சுகோ மேடையிலிருந்து.

“மூட்டலாம்னு சொல்லிட வேண்டியதுதானே. இதுல என்ன புள்ளி வேண்டிக்கிடக்கு?”

ஆண்கள் பக்கத்தில் உதவி இயக்குநர் பயத்தோடு இயக்குநரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, குனிய முடியாத காரணத்தாலோ, சூடு உள்ளே இறங்கிவிட்ட காரணத்தாலோ, “எனக்கும் அப்படித்தான் படுது” என்று சொல்லிவிட்டார். “எனக்கும்” என்றார் அடுத்தவர். ஆவிக்குள்ளிருந்து இன்னும் சில ‘எனக்கும்’கள் வந்தன. தொகுனாகா கண்ணைத் திறக்கவில்லை.

உலை அறைக்கும் தொட்டிக்கும் நடுவே, சூடு போதுமா என்று கேட்பதற்காக ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அது திறந்தது. கரியும் வியர்வையுமாக மொகாமியின் முகம் தெரிந்தது. சுவர் தாண்டி நடந்த பேச்சு எதுவும் அவருக்குக் கேட்டிருக்கவில்லை. உலையின் இரைச்சல் அப்படி.

“டைரக்டர் சார், சோதனை முடிஞ்சா நெருப்பை அணைச்சிடணுமா? பழக்காரர் யூசு மூட்டையோட வாசல்ல நிக்கறார். இறக்கவா, திருப்பி அனுப்பவான்னு கேக்கறார். நாளைக்கு மூட்டலாமா சார்?”

“ம்” என்றார் தொகுனாகா.

“‘ம்’ன்னா எவ்வளவுன்னு எடுத்துக்கட்டும் சார்?”

இயக்குநர் கண்ணைத் திறந்தார். தன் ஆட்களை ஒருமுறை பார்த்தார். அவர்கள் எல்லோரும் எதிர்ச்சுவரில் வரைந்திருந்த மலையை ரசிக்க ஆரம்பித்தார்கள். அவர் தண்ணீருக்குள்ளேயே மெல்ல நகர்ந்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, மொகாமியின் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“ஆமா.”

மொகாமி இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். அதற்குப் பின்னால் எண் எதுவும் வரவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, பழத்தை இறக்கச் சொல்ல வாசலுக்கு ஓடினார்.